விட்டுக்கொடுத்த நடுவை எப்போது திரும்பக் கேட்பது

என்னைத் தோற்கடித்த பெண்ணுக்கு அப்போது 11 வயது. மாவட்ட அளவில் நடந்த ஓப்பன் செஸ் போட்டி, மூன்றாவது ரவுண்டு, இடம் வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேஜைகளில் வெள்ளைப் பேப்பர் ரோலை விரித்து, அதன் மேல் வரிசையாக போர்டுகள். பின்கட்டில் மதியச் சாப்பாட்டுக்கு யாரோ தாளித்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்த பெண்ணின் கால் தரையில் எட்டவில்லை. வெள்ளைக் காய்கள் அவளுக்கு, கருப்பு எனக்கு. இ4 ஆடினாள், அதாவது ஒரு சிப்பாயை இ வரிசையின் நாலாவது கட்டத்துக்குத் தள்ளினாள் (எழுத்து வரிசையைச் சொல்லும், எண் அதில் எத்தனையாவது கட்டம் என்பதை; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்). நான் டி6. அவள் டி4, நான் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தேன், அவள் குதிரை சி3, நான் ஜி6. பிர்க் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங், அதாவது ஆட்டத்தை ஆரம்பிக்கும் முறை. 12 வருடமாக இதையேதான் ஆடிக்கொண்டிருந்தேன், எதிராளி என்ன ஆடுகிறார் என்று பார்ப்பதற்கு முன்பே கை ஜி6க்குப் போய்விடும். நான்காவது மூவில் எஃப்4 தள்ளினாள். சின்னப் பிள்ளை, ஆசையாகத் தள்ளுகிறது, தள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு பிஷப்பை ஜி7இல் வைத்தேன், ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கிக் கோட்டை கட்டினேன், எழுந்து டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் இ5 ஆடியிருந்தாள். குதிரையை டி7க்கு இழுத்தேன். எச்4. இந்த இடத்தில் நான் பி6 ஆடினேன், இன்னொரு பிஷப்பையும் மூலையிலிருந்து பார்க்க வைக்கலாம் என்ற அழகான எண்ணத்தில். அவள் எச்5 தள்ளி, ஜி6இல் வெட்டி, குதிரையை ஜி5க்குத் தாவவிட்டு, ராணியை ஜி4 வழியாக எச்4க்குக் கொண்டுவந்தாள். எச் வரிசையில் ராணியும் பின்னால் யானையும். என் காய்கள் எல்லாம் மறுபக்கம் நின்று வேடிக்கை பார்த்தன. பதினைந்தாவது மூவுக்குள் தோல்வியை ஒப்புக்கொண்டு கையைக் கொடுத்துவிட்டேன். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது அவள் கேட்டாள்: "அங்கிள், ஏன் சி5 ஆடல?"

"மறந்துட்டேன்மா" என்றேன். பொய். அந்த இடத்தில் சி5 ஆட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. 12 வருடமாக ஒரு ஓப்பனிங்கை ஆடுகிறேன், அதன் ஏழாவது மூவ் எனக்குத் தெரியாது, ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தது மாமா, அம்மாவின் தம்பி. அவருடைய பாடத்திட்டம் மொத்தமும் ஒரே வரி: "நடுவ புடிடா மாப்ளே, நடுவ புடிச்சவன் ஊரப் புடிச்சவன்." நடு என்றால் போர்டின் மையத்தில் இருக்கும் நாலு கட்டம். இ4, டி4, இரண்டு குதிரை, இரண்டு பிஷப், கோட்டை. அதற்கு மேல் அவரும் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. நியூரம்பெர்கில் டாக்டராக இருந்த டாராஷ் என்ற பெரிய ஆட்டக்காரர் நூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பா முழுவதற்கும் கிட்டத்தட்ட இதே மருந்துச் சீட்டைத்தான் எழுதிக்கொடுத்தார் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நடுவில் சிப்பாய் வை, இடத்தைப் பிடி, நெருக்கடியான நிலை என்றாலே தோல்வியின் விதை அதில் இருக்கிறது. மாமா டாராஷைப் படித்ததில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் மீசையும் பிடிவாதமும் ஒன்று.

கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒரு சீனியர் அண்ணன் ஜி6ஐ அறிமுகப்படுத்தினார். "இ4 டி4 எல்லாம் பழசுடா, இது ஹைப்பர்மாடர்ன்." அந்தச் சொல்லிலேயே விழுந்துவிட்டேன். (தமிழில் அதிநவீனம் என்று எழுதிப் பார்த்தேன், வாஷிங் மெஷின் விளம்பரம் மாதிரி இருக்கிறது, அதனால் ஹைப்பர்மாடர்ன் என்றே வைத்துக்கொள்வோம்.) சொல்லை உருவாக்கியவர் டார்டகோவர், செஸ் உலகத்தின் பெரிய குறும்புக்காரர்களில் ஒருவர், அதனால் அதில் பாதி கிண்டலும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு இளவட்டக் கூட்டம் டாராஷின் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டது. ரீகாவிலிருந்து வந்த நிம்சோவிச், வியன்னாவின் கிரன்ஃபெல்ட், புடாபெஸ்டின் பிரெயர், பிறகு ரேட்டி. பிரெயர் இருபத்தெட்டு வயதிலேயே 1921இல் இறந்துபோனார். இ4 ஆடிய உடனே வெள்ளையின் ஆட்டம் மரணப் படுக்கைக்குப் போய்விடுகிறது என்ற வாசகம் இன்றும் அவர் பெயரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆள்தான்.

இவர்கள் சொன்னதை பஸ் சீட்டை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். டாராஷின் வழி, கூட்டத்தில் முண்டியடித்து ஏறி சீட்டில் உட்காருவது. ஹைப்பர்மாடர்ன் வழி, வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. நடுக் கட்டங்களில் சிப்பாயைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஜி7இலும் பி7இலும் பிஷப்பை வைத்து, எஃப்6இல் குதிரையை வைத்து, தூரத்திலிருந்தே அந்தக் கட்டங்களின் மேல் உரிமை வைத்திருந்தால் போதும். எதிராளி அங்கே சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் இன்னும் நல்லது, அகலக்கால் வைத்தவனைத் தள்ளிவிடுவது எளிது. பிஷப்பை இப்படி ஓரத்தில் வைப்பதற்கு ஃபியன்கெட்டோ என்று பெயர், இத்தாலியச் சொல். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஃபியன்செட்டோ என்றுதான் சொல்வோம், இத்தனை வயதுக்கு மேல் மாற்றிக்கொள்வதாக இல்லை.

இதன் சுத்தமான வடிவம் அலெகின் டிஃபென்ஸ். வெள்ளை இ4 ஆடியதும் கருப்பு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து, என்னை விரட்டு பார்க்கலாம் என்கிறது. இ5 வந்தால் குதிரை டி5க்கு, சி4 வந்தால் பி6க்கு. மாமாவுக்கு முதல் தடவை இதை ஆடிக் காட்டியபோது "என்னடா, குதிரைய வச்சு நொண்டி வெளையாடுற" என்றார். நியாயமான கேள்வி. 1921இல் புடாபெஸ்டில், பிற்பாடு உலக சாம்பியனான அலெகின் இதை ஆடியபோதும் பலர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விரட்டி விரட்டியே வெள்ளையின் சிப்பாய்கள் சி4, டி4, இ5 என்று முன்னால் வந்துவிடுகின்றன, எஃப்4உம் தள்ளினால் நாலு சிப்பாய். இனி ஒவ்வொன்றையும் காப்பாற்ற ஒரு காய் வேண்டும். 1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷர், ஸ்பாஸ்கியோடு உலகப் பட்டத்துக்கு ஆடிய பதின்மூன்றாவது ஆட்டத்தில் இதே அலெகினை எடுத்து ஜெயித்தார். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஆடலாம் என்று கிளம்புவதில்தான் சிக்கல், ஃபிஷர் நாலு சிப்பாயை உடைக்கிற நேரத்தை அறிந்தவர், நானோ குதிரையை பி6இல் நிறுத்தியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தவன்.

கிரன்ஃபெல்ட் எனக்கு இவை எல்லாவற்றிலும் அழகான ஓப்பனிங். நான் ஆடுவதில்லை, தூர இருந்து ரசிப்பதோடு சரி. வெள்ளைக்கு சி3, டி4, இ4 என்று மூன்று சிப்பாய் கொண்ட அரண்மனையையே கட்டிக் கொடுத்துவிடுகிறது கருப்பு. கொடுத்த மறுமூவிலிருந்து டி4 என்ற ஒற்றைக் கட்டத்தின் மேல் பாய ஆரம்பிக்கிறது. ஜி7இலிருந்து பிஷப் பார்க்கிறது, சி5இல் சிப்பாய் முட்டுகிறது, சி6இல் குதிரை, டி8இல் யானை, டி4ஐக் காக்கும் வெள்ளைக் குதிரையை ஜி4இலிருந்து இன்னொரு பிஷப் கட்டிப் போடுகிறது. ஒரு கட்டத்துக்கு ஐந்து பேர். வெள்ளையும் அதே ஒரு கட்டத்தைக் காக்க ஆளெடுக்க வேண்டும், ராஜாவின் மேல் தாக்குதல் நடத்தலாம் என்ற கனவெல்லாம் தள்ளிப்போகும். கிரன்ஃபெல்ட் 1922இல் வியன்னாவில் அலெகினையே இதை வைத்து வீழ்த்தினார். 1956இல் நியூயார்க்கில் 13 வயது ஃபிஷர் டொனால்ட் பைர்னை வீழ்த்திய, இன்றும் நூற்றாண்டின் ஆட்டம் என்று சொல்லப்படுகிற ஆட்டமும் கிரன்ஃபெல்ட்தான்.

ஆனால் கிரன்ஃபெல்டுக்குள் போவது மனப்பாடக் கடலுக்குள் போவது. ஏப்ரல் 2010இல் சோஃபியாவில் ஆனந்துக்கும் டோபலோவுக்கும் உலக சாம்பியன் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஃபிராங்ஃபர்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டம், கருப்பில் கிரன்ஃபெல்ட். தயாரித்து வைத்திருந்த மூவ்களின் வரிசை தலைக்குள் குழம்பி, இருபத்து மூன்றாவது மூவில் ராஜாவை எஃப்7க்கு நகர்த்தினார். டோபலோவ் குதிரையை எஃப்6இல் கொண்டுபோய்ப் போட்டார், அவ்வளவுதான், 30 மூவில் முடிந்தது. உலக சாம்பியனுக்கே ஒரு மூவ் இடம் மாறினால் இந்தக் கதி. வேறு ஓப்பனிங்கில் ஒரு மூவ் மறந்தால் கொஞ்சம் மோசமான நிலை வரும், அவ்வளவுதான். கிரன்ஃபெல்டில் நடு முழுக்க எதிராளியின் கையில் இருக்கும்போது மறக்கிறோம், அதனால் அடி நேராக ராஜாவின் மேல் விழுகிறது. அதே போட்டியில் பின்னால் ஒருமுறை கிரன்ஃபெல்டை மறுபடி ஆடி டிரா செய்தார் என்பது வேறு விஷயம், அந்த நெஞ்சுரம் நமக்கு வராது. கடைசி ஆட்டத்தை ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தபோது அவர் எடுத்தது, நடுவில் சிப்பாய் வைத்து ஆடும் ராணி கேம்பிட்டில் பழைய லாஸ்கர் வழி. மாமா கேட்டால் துள்ளிக் குதிப்பார்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த டிஃபென்ஸ்களில் பாதிக்கு ஏன் இந்தியன் என்று பெயர்? கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், குயின்ஸ் இந்தியன். 1850 வாக்கில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீல், அந்தக் காலத்தின் வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவர், மஃப்சலில், அதாவது பட்டணத்துக்கு வெளியே, தோல்வியே காணாத ஒரு பிராமணர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போய்ப் பிடித்தார். மகேஷ் சந்திர பானர்ஜி. (மஃப்சல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை, கோயம்பேடு பேருந்து நிலையத்தின் முழுப் பெயரிலேயே 2018 வரை அது உட்கார்ந்திருந்தது.) இருவரும் பல வருடங்கள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் மூவில் இரண்டு கட்டம் பாயாது, ஒரு கட்டம்தான். அப்படி ஆடிப் பழகியவருக்கு டி6, ஜி6 என்று அடக்கமாக ஆரம்பித்து பிஷப்பை ஓரத்தில் வைப்பது இயல்பாக வந்திருக்கும். 1855இல் அவர் காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஓர் ஆட்டத்தை இன்று எடுத்துப் பார்த்தால் ஜி6, டி5, பிஷப் ஜி7, குதிரை மாற்றம், சி5 என்று அச்சு அசலாகக் கிரன்ஃபெல்ட். கிரன்ஃபெல்ட் பிறக்கவே இன்னும் 38 வருடம் இருந்தது. வியன்னாவின் காபிக் கடைகளில் பிறந்த புரட்சி என்று எழுதுகிறவர்கள் இந்த வங்காளத்துக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹைப்பர்மாடர்ன்காரர்களின் பெரிய வெற்றி என்று எல்லோரும் காட்டுவது 1924 மார்ச்சில் நியூயார்க்கில் ரேட்டி காப்பாபிளாங்காவை வென்ற ஆட்டம். அப்போதைய உலக சாம்பியனான காப்பாபிளாங்கா எட்டு வருடமாகத் தோற்றதே இல்லை. ரேட்டி முதலில் குதிரையை எஃப்3க்கு, பிறகு சி4, மூன்றாவது மூவில் பி4. நடுவில் சிப்பாயே இல்லை. 31 மூவில் காப்பாபிளாங்கா கையைக் கொடுத்தார். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அதே போட்டியில் அதே ரேட்டி முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கரோடு ஆடியதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். அதிலும் ரேட்டி தன் ஓப்பனிங்கைத்தான் ஆடினார், இரண்டு பக்கமும் பிஷப்பை ஓரத்தில் வைத்து, ராணியையே ஏ1 மூலைக்குக் கொண்டுபோய் நீள மூலைவிட்டத்தில் பிஷப்பின் பின்னால் நிறுத்தினார். பார்க்க அவ்வளவு அழகு. லாஸ்கருக்கு அப்போது 55 வயது. டி5, சி6, பிஷப் எஃப்5, இ6, அப்புறம் இ5 என்று நடுவை நிதானமாகப் பிடித்து ஆடி ஜெயித்துவிட்டார், போட்டியையும் ஜெயித்தார். ரேட்டி ஐந்தாம் இடம். ஒரே மனிதர், ஒரே மாதம், ஒரே யோசனை. ஓப்பனிங் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்காது என்பதற்கு இதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே நடந்த ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசையும். 2013 நவம்பர் 21, வியாழக்கிழமை, சென்னை ஹயாட் ரீஜன்சியில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். கார்ல்சன் 5-3 என்று முன்னால் இருக்கிறார். ஆனந்துக்கு வெள்ளை, ஜெயித்தே ஆக வேண்டும். ஆபீஸில் நாங்கள் நாலு பேர் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டு நேரலையைப் பார்த்தோம். டி4, சி4, குதிரை சி3, கார்ல்சன் பிஷப்பை பி4இல் வைத்தார். நிம்சோ இந்தியன். நிம்சோவிச் உலகத்துக்குக் கொடுத்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன், ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங்குகளில் எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லாததும் இது ஒன்றுதான். வெள்ளை இ4 தள்ள வேண்டும் என்றால் அதற்குத் துணை சி3 குதிரை, அந்தக் குதிரையை பி4 பிஷப் பிடித்துக்கொள்கிறது. சிப்பாயை நகர்த்தாமலே இ4க்குத் துண்டு போட்டாகிவிட்டது. தேவைப்பட்டால் பிஷப்பைக் கொடுத்து வெள்ளையின் சிப்பாய் வரிசையைக் குலைக்கலாம், ராஜாவும் சீக்கிரம் கோட்டைக்குள் போய்விடும். கிங்ஸ் இந்தியன்போல மூச்சு முட்டாது.

ஆனந்த் எஃப்3 ஆடினார், என்ன விலை கொடுத்தாவது இ4 தள்ளுவேன் என்று. பிஷப்பும் குதிரையும் மாறின. கார்ல்சன் சி4 தள்ளி நடுவைப் பூட்டினார், சுத்த ஹைப்பர்மாடர்ன் என்று சொல்ல முடியாது, டி5இல் அவருக்கும் சிப்பாய் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்தது அந்தக் கூட்டத்தின் ஆவி புகுந்த ஆட்டம். வெள்ளை இ5, எஃப்4, எஃப்5, எஃப்6 என்று புல்டோசர்போல வருகிறது, ராணி எச்6இல் வந்து நிற்கிறது, அடுத்து யானை எச்4க்கு வந்தால் எச்7இல் மேட். கார்ல்சனோ அந்தப் பக்கம் ஒரு பி சிப்பாயைப் பிடித்துக்கொண்டு பி5, பி4, பி3, பி2 என்று நடந்துகொண்டிருக்கிறார், கோயில் குளத்தைச் சுற்றி வாக்கிங் போகிறவர் மாதிரி. இருபத்தேழாவது மூவில் அது கடைசிக் கட்டமான பி1ஐ எட்டி, ராணியாகிச் செக் சொன்னது. ஆனந்த் மறைக்க வேண்டும். பிஷப்பை எஃப்1க்குக் கொண்டுவந்திருந்தால் கருப்பு புது ராணியையே கொடுத்துத்தான் தப்பிக்க வேண்டும், ஆட்டம் நீண்டிருக்கும். ஆனந்த் ஜி3இலிருந்த குதிரையை எஃப்1க்கு எடுத்தார். ராணி இ1. குதிரை விலகியதால் இ1இலிருந்து எச்4 வரை மூலைவிட்டம் திறந்துவிட்டது, யானை எச்4க்கு வந்தால் ராணி வெட்டிவிடும். முடிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் லிஃப்ட் பக்கம் போனார்.

அந்த ஆட்டத்தைப் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். கார்ல்சன் நடுவையும் ராஜா பக்கத்தையும் விட்டுக்கொடுத்தார், ஆனால் ஒரு மூவ்கூடச் சும்மா இருக்கவில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் எட்ட எத்தனை மூவ், தன் சிப்பாய் எட்ட எத்தனை மூவ் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நடுவைக் கொடுப்பது என்றால் வாங்கவேண்டிய தேதியைக் குறித்துக்கொண்டு கொடுப்பது. அந்தத் தேதியை நான் 12 வருடம் குறிக்கவே இல்லை. துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவன் நான். பிர்க்கில் அந்தத் தேதி சி5 அல்லது இ5, கிரன்ஃபெல்டில் சி5, அலெகினில் டி6, பெரும்பாலும் ஒன்றிரண்டு மூவ் தாமதித்தாலே வட்டி குட்டி போட்டுவிடும்.

இனி குறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை, என்னை அதிகம் கஷ்டப்படுத்தியதை மட்டும் சொல்கிறேன். இடம். ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து பேர் சமைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை டி7இல் இருந்தால் சி8 பிஷப்புக்கு வழி இல்லை, பிஷப் வெளியே வராவிட்டால் யானை நகராது, ராணி எங்கே போவது என்று தெரியாமல் இ8இல் நிற்கும். எதிராளிக்கோ நல்ல மூவ் ஆட பத்து வழி. நமக்கு ஒன்றோ இரண்டோ, அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். நாற்பதாவது மூவுக்குள் கடிகாரம் சிவந்துவிடும். நெருக்கடியில் இருக்கிறவன் காய்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி, வீட்டில் ஆள் குறைந்தால் இருக்கிறவனுக்குக் கை கால் நீட்ட இடம் கிடைக்கும். இந்த விதியை ஹைப்பர்மாடர்ன் ஆடுகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, தாக்க ஆள் வேண்டுமே என்று எல்லாக் காயையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மூச்சுத் திணறித் தோற்பேன்.

கிங்ஸ் இந்தியனுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். காஸ்பரோவ் அதை வைத்து எத்தனையோ பேரை நசுக்கினார், ஆனால் தொண்ணூறுகளில் கிராம்னிக் பி4 தள்ளி ராணி பக்கத்தில் முந்திக்கொள்ளும் வழியை மெருகேற்றி அவரையே சாய்த்த பிறகு, காஸ்பரோவ் அந்த ஓப்பனிங்கைக் கைகழுவிவிட்டார். இன்றைய எஞ்சின்களிடம், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களிடம் காட்டினால் முகத்தைச் சுளிக்கும், வெள்ளைக்குத் தெளிவான சாதகம் என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு நம் ஊர் பயிற்சியாளர்கள் சிலர் பிள்ளைகளைக் கிங்ஸ் இந்தியன் ஆட விடுவதே இல்லை, அது அபத்தம் என்று நினைக்கிறேன். 1500 ரேட்டிங்கில் இருக்கிற எதிராளி எஞ்சின் இல்லை. எஃப்5, எஃப்4, ஜி5 என்று கருப்புச் சிப்பாய்கள் தன் ராஜாவை நோக்கி வருவதைப் பார்த்தால் அவருக்கும் வியர்க்கும். அந்த வியர்வை எஞ்சின் காட்டும் எண்ணில் வராது.

உண்மையில் இந்த ஓப்பனிங்குகளை நாங்கள் பலர் ஆடுவது தத்துவத்துக்காக இல்லை, சோம்பேறித்தனத்துக்காக. எதிராளி என்ன ஆடினாலும் ஜி6, பிஷப் ஜி7, டி6, குதிரை, கோட்டை. படிக்க வேண்டாம். இதன் உச்சம் ஹிப்போ என்ற நீர்யானை, ஏ6, பி6, டி6, இ6, ஜி6, எச்6 என்று மூன்றாவது கோட்டைத் தாண்டாமல் வேலி கட்டிக்கொண்டு உள்ளே சேற்றில் படுத்துக்கிடப்பது. ஸ்பாஸ்கி 1966இல் பெட்ரோசியனோடு உலகப் பட்டத்துக்கு ஆடியபோது இரண்டு தடவை இதை எடுத்து இரண்டையும் டிரா செய்தார். அவர் படுத்துக்கிடந்தது எழுந்து பாய. நான் படுத்தால் தூங்கிவிடுவேன். அதனால் என் அண்ணன் மகன் செஸ் கற்றுக்கொள்ள வந்தபோது மாமாவின் பாடத்திட்டத்தைத்தான் எடுத்தேன், இ4, டி4, நடுவைப் பிடி. இரண்டு வருடம் நடுவில் உட்கார்ந்து பார்க்கட்டும், அங்கே சிப்பாய்கள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன, எந்த இடத்தில் ஆடிப்போகின்றன என்று கைக்குப் பழகட்டும். அரண்மனையில் இருந்து பார்க்காதவனுக்கு எந்தத் தூணை இடித்தால் சாயும் என்று எப்படித் தெரியும்? நிம்சோவிச்சும் ரேட்டியும் டாராஷைத் திட்டினார்களே தவிர, டாராஷைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு 2024 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. உலக சாம்பியன் போட்டியில் நம் குகேஷ், டிங் லிரெனோடு பதினோராவது ஆட்டம், அதுவரை சமநிலை. வெள்ளையில் குதிரை எஃப்3, சி4, டிங் டி4 தள்ளி இடத்தைப் பிடிக்க, மூன்றாவது மூவில் பி4. நியூயார்க்கில் ரேட்டி மூன்றாவது மூவில் வைத்த அதே சிப்பாய், அதே கட்டம், சரியாக நூறு வருடம் கழித்து. கருப்பு ஆடிய மூவ்கள் வேறு, அதனால் நிலையும் வேறு, ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டிங்குக்கு நேரம் கரைந்தது, இருபத்தெட்டாவது மூவில் ராணியை சி8க்கு எடுத்தார், குகேஷின் ராணி சி6இல் பாய்ந்தது, டிங் ராஜினாமா. நான்கு நாள் கழித்துக் கடைசி ஆட்டத்திலும் அதே வாசனைதான், ஆனால் இம்முறை குதிரை எஃப்3, ஜி3 என்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தவர் டிங். டிரா ஆக வேண்டிய முடிவாட்டத்தில் யானையை எஃப்2க்கு வைத்துத் தோற்றார், 18 வயதுப் பையன் சாம்பியன். இரண்டிலும் ஓப்பனிங் செய்தது என்ன என்று கேட்டால், எதிராளியை மனப்பாடத்துக்கு வெளியே தள்ளி, முதல் மணி நேரத்திலேயே சொந்தமாக யோசிக்க வைத்தது. இன்றைய காலத்தில் இந்த ஓப்பனிங்குகளின் முதல் பலம் அதுதான் என்று நினைக்கிறேன், நடு, ஓரம் என்ற சண்டையெல்லாம் அதற்குப் பிறகு.

மாமாவுக்கு இப்போது 72 வயது. போனில் செஸ் ஆப் போட்டுக் கொடுத்தேன், நாளைக்கு ஒரு மூவ் என்று ஆடுகிறோம். அந்தச் சிறுமியிடம் தோற்ற கதையை அவரிடம் சொன்னது என் தப்பு. ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "அந்தப் பொண்ணு எந்த ஊரு, கையக் குடுக்கணும்டா" என்றார். அடுத்த ஆட்டத்திலேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான்காவது மூவில் எஃப்4 தள்ளினார். நேற்று இரவு பதினொன்றரைக்கு இ5 வந்தது, கூடவே ஒரு மெசேஜ்: "நடு என்கிட்ட." குதிரையை டி7க்கு இழுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எச்4. அடுத்த மூவ் ஆட எனக்கு இன்னும் 18 மணி நேரம் இருக்கிறது. சி5தான், வேறென்ன. இருந்தாலும் அந்த பி6 இருக்கிறதே, பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது.